படம் பிடிக்கிற நேரத்தில் பிடிவாதம் பிடிக்கிற கேமரா



மழைக்காலத்துக்கு ஏற்ற ரசப்பொடி எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ரசப்பொடியை விடப் பெரிய விசாரம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு கேமராவைப் பற்றிய விசாரம். "கேமராவுக்கும் நம்ம பகுதிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

என் அண்ணன் மகள் விழுப்புரத்தில் இருக்கிறாள். 27 வயசாகிறது, இடுப்பில் இரண்டு வயசுப் பையனும் வந்தாச்சு. ஆனாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். பாப்பாவுக்குத் தொழில் போட்டோ எடுப்பது. கல்யாணத்துக்குப் போகமாட்டாள். வளைகாப்பு, பேர் வைக்கிற விசேஷம், காது குத்து, முதல் பிறந்த நாள், இவைதான். பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகாத பச்சை உடம்புக்காரி இருக்கிற அறைக்குள் ஓர் ஆண்பிள்ளை கேமராவோடு நுழைந்தால் எத்தனை சங்கடம்! பாப்பா போனால், "வாம்மா, உட்காரு, முதல்ல காபி குடி" என்பார்கள். அப்படியே கூப்பிடக் கூப்பிடப் போய், விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று பேர் எடுத்துவிட்டாள். கேமரா வாங்கினது அவளுடைய நெக்லஸை அடகு வைத்து. அந்த வட்டி மாசா மாசம் இந்த வருமானத்தில்தான் போகிறது. அவள் மாமியார் மட்டும், "ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போகணுமா?" என்று அவ்வப்போது ஒரு வார்த்தை விடுவார்.

ஆவணியில் இங்கே திண்டிவனத்தில் ஒரு வளைகாப்பு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. நானும் போயிருந்தேன். எல்லாரும் வளையல் போட்டு முடிந்த பிறகு அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "பாட்டி போடணும்" என்றாள். அப்பாவைப் பெற்ற பாட்டி, எண்பதைத் தாண்டினவர். தாத்தா போய்ப் பல வருஷம் ஆச்சு. அவர் கூடத்துப் பக்கமே வராமல் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "நான் போடக்கூடாதும்மா" என்று அவர் சொல்ல, "நீங்க போட்டாத்தான் நான் எழுந்திருப்பேன்" என்று இவள் சொல்ல, கூடத்தில் சலசலப்பு. கடைசியில் இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். கிழவியின் கை நடுங்குகிறது. பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டை எடுத்து, பேத்தியின் கையைக் குவித்துப் பிடித்து, மெல்ல ஏற்றுகிறார். என் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கேமரா நின்றுவிட்டது.

பாப்பா பட்டனை அழுத்துகிறாள், சத்தம் இல்லை. பின்பக்கத் திரை கறுத்துப்போச்சு. ஓரத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. சுவிட்சை அணைத்தால் அணையவும் இல்லை. பதற்றத்தில் அடிப்பக்க மூடியைத் திறந்து பேட்டரியை உருவிவிட்டாள். மறுபடி போட்டு, வேறு கார்டைச் செருகிக் கேமரா உயிர் பெறுவதற்குள் பாட்டி உள்ளே போய்விட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பின்வரிசையில் ஒரு அம்மாள் எல்லார் காதிலும் விழும்படி, "பாத்தீங்களா, யார் கை பட்டதும் மிஷினே நின்னுபோச்சு" என்றார். அறைக்குள் இருந்த பாட்டிக்கும் அது கேட்டிருக்கும். கேமரா கெட்டதுக்குக்கூட ஒரு விதவைப் பாட்டி பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது! எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பாப்பா வந்து என் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "அத்தை, பாட்டி வளையல் போட்டப்ப பதினாலு படம் எடுத்தேன். ஒண்ணுகூட இல்லை." பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் ரிப்பேர் கடை ஒன்றில் காட்டினாளாம். அவர் கேமராவைத் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சும்மா, 18,000 ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்.

நெக்லஸுக்குப் பக்கத்தில் வளையலும் போய் உட்காரவேண்டிய நிலைமை. "நாலு நாள் என்கிட்ட வந்து இரு, என்னன்னு பாத்துடலாம்" என்றேன். எனக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் குழந்தைக்கு ஜுரம் என்று டாக்டரிடம் போனால் அவர் என்ன கேட்பார்? எப்போ வந்தது, எத்தனை மணிக்கு ஏறுது, என்ன சாப்பிட்டான், மருந்து கொடுத்த பிறகு எப்படி இருந்தான். அதை எழுதிவைத்துக்கொண்டு போகிற பழக்கம் நமக்கு உண்டே! கேமராவுக்கும் அப்படி ஒரு நோட்டுப் போட்டோம். எந்தக் கார்டு, எந்த பேட்டரி, எந்த லென்ஸ், எத்தனையாவது படத்தில் நின்றது, அப்போது கேமரா தொட்டால் சுட்டதா. ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளைத்தான் மாற்றவேண்டும் என்பது நிபந்தனை. குழம்பு சரியில்லை என்று உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே சமயத்தில் போட்டால் எது குறைச்சல் என்று எப்படித் தெரியும்?

சோதனைக்கு முந்தி ஒரு வேலை. நின்றுபோன கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்கக்கூடாது, ஃபார்மட்டும் செய்யக்கூடாது. அதில் ஏதாவது மிச்சம் இருந்தால், அதன் மேலேயே புதிசு உட்கார்ந்துவிடும். என் மகன் கம்ப்யூட்டரில் போட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் வைத்திருக்கிறான். அழிந்த படங்களைத் தேடி எடுக்கிறது. எடுத்ததை அதே கார்டில் வைக்காமல் கம்ப்யூட்டரில்தான் வைக்கவேண்டும். ராத்திரி முழுக்க ஓடியது. பதினாலில் ஒன்று கிடைத்தது, அதுவும் பாதி. மேல்பாதியில் பாட்டியின் முகம் தெளிவாக இருக்கிறது. கீழே, வளையலும் கையும் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். படம் கார்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை உருவினதால் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. கார்டுக்கே வந்து சேராத மற்றவற்றை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

அந்தச் சிவப்பு விளக்கு சமாசாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில கேமராக்களில் அது பச்சை, சிலதில் ஆரஞ்சு. "கார்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், தொந்தரவு செய்யாதே" என்று அர்த்தம். நாம் பட்டனை அழுத்தினதும் படம் நேரே கார்டுக்குப் போவதில்லை. முதலில் கேமராவுக்குள் இருக்கிற தற்காலிக நினைவில் தங்கி, அங்கிருந்து கார்டுக்கு இறங்குகிறது. எண்ணெயைப் புனல் வைத்துப் பாட்டிலில் ஊற்றுகிறோமே, அதே கதை. மடமடவென்று ஊற்றினால் புனல் நிரம்பி நிற்கும். கழுத்து அகலமாக இருந்தால் உடனே இறங்கும், குறுகலாக இருந்தால் காத்திருக்கவேண்டும்.

பாப்பாவின் கேமராவில் ஒரு படம் 25, 30 எம்.பி. வருகிறது. பத்துப் படத்தை ஒரே மூச்சில் எடுத்தால் 300 எம்.பி. கார்டு நொடிக்கு 10 எம்.பி. எழுதுகிற ரகம் என்றால், இறங்கி முடிக்க அரை நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் கேமரா மந்தமாக இருக்கும். அது உறைவு இல்லை, வெறும் காத்திருப்பு. நாமோ பொறுமை இல்லாமல் உருவிவிடுகிறோம். 1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸ்ஸன் என்ற இன்ஜினீயர் முதன்முதலில் ஒரு டிஜிட்டல் கேமரா செய்தார். அது ஒரே ஒரு படத்தை ஒலிநாடா கேஸட்டில் எழுத 23 நொடி எடுத்துக்கொண்டதாம். அந்தக் காலத்து மனுஷனுக்கு இருந்த பொறுமை நமக்கு ஏது!

ஆனால் கார்டே கெட்டுப்போயிருந்தால் அது வேறு கதை. கேமரா எழுதச் சொல்கிறது, கார்டு பதில் பேசுவதில்லை. பதில் வரட்டும் என்று கேமரா காத்துக்கொண்டே இருக்கிறது. விளக்கு அணையாது, பட்டன் கேட்காது. இதுதான் நிஜமான உறைவு.

சோதனைக்கு வருகிறேன். என் பேரன் கூடத்தில் மரக்கட்டை அடுக்கி விளையாடுவான், பாப்பா அவனைச் சுட்டுத் தள்ளுவாள், நான் நோட்டில் எழுதுவேன். விசேஷத்தில் இருந்த மாதிரியே அதே கார்டு, அதே டூப்ளிகேட் பேட்டரி, அதே ஜூம் லென்ஸ். 63-வது படத்தில் நின்றது! பாப்பாவுக்கு முகம் விழுந்துபோச்சு, எனக்கோ சந்தோஷம். டாக்டர் முன்னால் ஜுரம் ஏறினால்தானே கண்டுபிடிக்க முடியும்? பேட்டரியை மட்டும் மாற்றி ஒரிஜினலைப் போட்டோம். 71-ல் நின்றது. அப்போ பேட்டரி மட்டும் காரணம் இல்லை. அடுத்து கார்டை மட்டும் மாற்றினோம். 200 படம், ஒரு முணுமுணுப்பும் இல்லை. பழைய கார்டைத் திரும்பப் போட்டதும் 40-ல் நின்றது.

அந்தக் கார்டு எங்கே வாங்கினது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டுகிட்ட, பாதி விலைக்கு" என்றாள். எச்-2-டெஸ்ட்-டபிள்யூ என்று ஒரு மென்பொருள், அதுவும் இலவசம்தான். கார்டு முழுக்க எதையாவது எழுதி, எழுதினதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். படிக்கும்போது நிறைய இடத்தில் பிழை காட்டியது. மேலே ஒட்டியிருந்த பெயர் என்னவோ பெரிய கம்பெனிதான். ஆனால் அந்தக் கம்பெனிக்கும் இந்தக் கார்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது என்பது என் அபிப்பிராயம். புடவை விஷயத்தில் இத்தனை கெட்டிக்காரியான பெண் இதில் எப்படி ஏமாந்தாள் பாருங்கள்!

கார்டு வாங்கும்போது மேலே பெரிசாக அச்சடித்திருக்கிற வேகம் பெரும்பாலும் படிக்கிற வேகம். நமக்கு வேண்டியது எழுதுகிற வேகம். அதற்குச் சின்னச் சின்னக் குறிகள் உண்டு. 'சி' எழுத்துக்குள் 10 இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. 'யூ' எழுத்துக்குள் 3 இருந்தாலும், 'வி' போட்டு 30 இருந்தாலும் 30 எம்.பி. 'வி' 60 என்றால் 60. தொழிலுக்கு எடுப்பவர்கள் 30-க்குக் கீழே போகவேண்டாம். ரசீது தருகிற கடையில் வாங்குங்கள், வாங்கின அன்றைக்கே முழுசாகச் சோதித்துவிடுங்கள்.

இத்தோடு ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்குப் பால் பாயசம் வைத்தேன். மூன்றாம் நாள் நல்ல கார்டு, நல்ல பேட்டரி இரண்டும் இருக்கும்போதே கேமரா மறுபடியும் நின்றது! இந்தத் தடவை திரை கறுக்கவில்லை. லென்ஸோடு தொடர்பு சரியில்லை என்று ஒரு வரி காட்டியது. பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். "போர்டுதான் அத்தை போயிருக்கு, கடைக்காரர் சொன்னதுதான் சரி." நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நின்ற இடமெல்லாம் ஜூம் லென்ஸ். சின்ன லென்ஸை நாங்கள் மாட்டவே இல்லை. அதைப் போட்டு 150 படம் எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. ஆக, ஒரே உடம்பில் இரண்டு வியாதி. ஒன்று சரியானதும் மற்றது தலை காட்டியிருக்கிறது.

ஜூம் லென்ஸைக் கழற்றிப் பின்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தோம். வரிசையாகத் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டு. அந்த வழியாகத்தான் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்கின்றன. அதில் மங்கலாகப் பாசி மாதிரி ஒரு படிவு. எப்போ வந்திருக்கும் என்று யோசித்ததில் ஃபெஞ்சல் புயல் ஞாபகம் வந்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி கரையேறிய அந்தப் புயலை நம்ம ஜில்லாக்காரர்கள் மறக்க முடியுமா? இதோ இங்கே இருக்கிற மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விழுப்புரத்தில் பாப்பா வீட்டிலும் தண்ணீர் ஏறி, பீரோவின் கீழ்த்தட்டு நாலு நாள் ஈரமாகவே கிடந்தது. லென்ஸ் பை இருந்தது அந்தத் தட்டில்தான். வெளியே துடைத்தாளே தவிர உள்ளே பார்க்கவில்லை.

கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவைத்து, நூல் பிரியாத மெல்லிய உலர்ந்த துணியால், மூக்குக்கண்ணாடி துடைக்கிறோமே அந்த மாதிரித் துணியால், லென்ஸ் பக்கத்துப் புள்ளிகளை மெதுவாகத் துடைத்தாள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் போய் உட்காரும். கை கழுவுகிற சானிடைசர், எண்ணெய், விபூதி எதுவும் ஆகாது. (விபூதி என்று ஏன் எழுதுகிறேன் என்றால், வெள்ளிச் சாமானுக்குப் பளபளக்கிறதே என்று நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.) கேமரா உள்ளே இருக்கிற கண்ணாடியையும் சென்ஸாரையும் தொடவே கூடாது. அது பழகின மெக்கானிக் வேலை. துடைத்து மாட்டின பிறகு 300 படம். ஜம்மென்று ஓடியது.

பதினெட்டாயிரம் ரூபாய் போர்டு இப்படித்தான் ஒரு கார்டு விலையிலும் ஒரு துணியிலும் குணமாச்சு. எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று சொல்லமாட்டேன். சில சமயம் நிஜமாகவே உள்ளே பழுது இருக்கும். கார்டு, பேட்டரி, லென்ஸ் மூன்றையும் மாற்றிப் பார்த்தும் நின்றால், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸுக்குப் போங்கள். "எப்பவாவது நிக்குதுங்க" என்று சொல்வதற்கும், "இந்த லென்ஸ் போட்டா இத்தனையாவது படத்துல நிக்குது" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சில நேரம் தப்பு கேமரா செய்தவர்களுடையதாகவும் இருக்கும். 2012-ல் நிக்கான் கம்பெனியின் டி4, டி800 என்ற இரண்டு விலை உயர்ந்த கேமராக்கள், உலகம் முழுக்கத் தொழில்காரர்கள் கையில் இருந்தவை, எடுத்த படத்தைப் பார்க்கும்போது திடீரென்று உறைந்துபோயின. கம்பெனியே ஒப்புக்கொண்டு, திரையில் காட்டுகிற இரண்டு வசதிகளை அணைத்துவைக்கச் சொன்னது. அப்புறம் ஃபர்ம்வேர் என்கிற உள் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. நம் கேமராவுக்கும் புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று கம்பெனியின் சொந்த இணையதளத்தில் பார்க்கலாம். அதை ஏற்றும்போது பேட்டரி முழுசாக இருக்கவேண்டும், நடுவில் அணைக்கக்கூடாது. விசேஷத்துக்கு முந்தின ராத்திரி அந்த வேலையே வேண்டாம்.

உஷ்ணமும் ஒரு காரணம். பெரும்பாலான கேமராக்களுக்குக் கம்பெனி சொல்கிற எல்லை 40 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் நம்ம பக்கம் வெயிலே அதைத் தொட்டுவிடும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கேமராவை வைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் வந்தால் அது அடுப்பில் வைத்த மாதிரிதான். அதோடு மண்டபத்து விளக்குச் சூட்டில் விடாமல் வீடியோவும் எடுத்தால் தானாகவே நின்றுவிடும். நிழலில் அணைத்துவைத்து ஆறவிட்டால் போதும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்! உள்ளே வியர்த்துவிடும்.

பேட்டரியில் இன்னொரு சங்கதி, இது தாய்மார்களுக்கு முக்கியம். பாப்பாவின் டூப்ளிகேட் பேட்டரி இரண்டில் ஒன்று லேசாக உப்பியிருந்தது. உள்ளே போகச் சிரமப்படுகிறதே என்று அவள் அழுத்திச் செருகிக்கொண்டிருந்தாள். உப்பின பேட்டரியை அழுத்தவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது, குப்பையில் எறியவும் கூடாது. தீப்பிடிக்கும். குழந்தை கைக்கு எட்டாமல் தனியாக வைத்து, மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். எந்த பேட்டரியையும் மெத்தை மேல் வைத்து, தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். செல்போனுக்கும் இதே விதிதான்.

ஈரத்துக்கு இப்போது பாப்பா ரப்பர் வளையம் வைத்து இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா வாங்கி, அதில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டுக் கேமராவை வைக்கிறாள். நான் அரிசி டப்பாவில் வைக்கச் சொன்னேன். "அரிசித் தூசு லென்ஸுக்குள்ள போயிடும் அத்தை" என்றாள். சரிதான். நீல நிறத்தில் இருந்து ஈரம் இழுத்து ரோஜா நிறமாக மாறுகிற சிலிகா ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது விஷம். குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் நீல ரகமே வேண்டாம், வெள்ளையே போதும். அதையும் உயரத்தில் வையுங்கள். சமையல் வாணலியில் போட்டு வறுத்து உலர்த்துகிற வேலையும் வேண்டாம்.

விசேஷத்தின் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பாப்பா இப்போது செய்கிறது இதுதான். முதலில் எல்லாப் பட்டனையும் அழுத்துவதை நிறுத்துகிறாள். மனசுக்குள் அறுபது எண்ணுகிறாள். விளக்கு அதற்குள் அணைந்துவிட்டால் வெறும் காத்திருப்புதான், வேலையைத் தொடரலாம். அணையாவிட்டால் சுவிட்சை அணைத்து இன்னும் கொஞ்சம் பொறுக்கிறாள். அப்புறமும் அசையவில்லை என்றால்தான் பேட்டரியில் கை. கார்டையும் கழற்றி, தனியாக ஒரு சின்ன டப்பியில் போட்டு மூடிவிடுகிறாள். அதை அன்றைக்குத் திரும்பத் தொடுவதில்லை. வேறு கார்டு, வேறு பேட்டரி, லென்ஸைக் கழற்றி மறுபடி மாட்டுதல். அதுவரை செல்போனில் நாலு படம் எடுக்க, வீட்டு ஆட்களில் ஒருவரை முன்னாடியே சொல்லிவைக்கிறாள். வசதி இருந்தால் இரண்டு கார்டு போடுகிற கேமரா வாங்குவது உத்தமம், ஒவ்வொரு படமும் இரண்டிலும் எழுதும். நெக்லஸ் திரும்பி வந்த பிறகு அது. வீட்டுக்கு வந்ததும் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவைத்து, அப்புறம்தான் கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்கிறாள்.

கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு விசேஷத்தில் போட்டோ எடுக்கிற பெண்ணின் கேமரா நின்றால், ஒரு நிமிஷம் சடங்கை நிறுத்திவையுங்கள். நல்ல நேரம் அந்த ஒரு நிமிஷத்தில் ஓடிப்போகாது.

எல்லாம் தெரிந்த பிறகு பாப்பாவை அழைத்துக்கொண்டு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன். கெட்ட கார்டையும் கொண்டுபோனோம். பாட்டி முதலில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு ராத்திரியெல்லாம் தூங்கலைம்மா, பொண்ணுக்கு நல்லபடியாப் பிரசவம் ஆகணுமேன்னு" என்றார். பாப்பா அவர் கையில் கார்டை வைத்து, "பாட்டி, இதுதான் நின்னது. உங்க கை இல்லை. எங்க அத்தை வீட்டுல இவங்க பேரனைப் படம் எடுத்தப்பவும் நின்னுச்சு. அறுபத்து மூணாவது படத்துல" என்றாள். பாட்டி அந்த நகத்தளவுச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துனூண்டா?" என்றார். பாதிப் படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். கை இல்லாவிட்டாலும் முகம் இருக்கிறதே என்று பேத்தி வாங்கிக்கொண்டாள்.

புரட்டாசி கடைசியில் சுகப் பிரசவம், பெண் குழந்தை. ஐப்பசியில் பேர் வைத்தார்கள். பாதிப் பணம் திரும்ப வந்த வீடாச்சே, வேறு யாரையாவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தோம். பாப்பாவையேதான் கூப்பிட்டார்கள். தொட்டிலில் போடுவதற்கு முந்தி, கருப்பு வளையலை யார் போடுவது என்ற பேச்சு வந்தது. அன்றைக்குப் பேசின அதே அம்மாள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை யாரும் கைத்தாங்கலாக அழைத்து வரவேண்டியிருக்கவில்லை. பாட்டியே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொள்ளுப்பேத்தியின் கையை விரலால் சுற்றிப் பிடித்து, வளையலை ஏற்றினார்.

பாப்பா ஒன்பது படம் எடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. என்னையும் அறியாமல் நான் எண்ண ஆரம்பித்தேன். நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது.